வீதிக்கு நடுவே உள்ள திட்டு யாருக்காக?



ஏ9 வீதி என்றதும் நம்மில் பலருக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்ட வீதி அது. ஆனால் அந்த வீதி தொடங்கும் இடம் கண்டி. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று சுமார் 320 கிலோ மீற்றர் ஓடி அது யாழ்ப்பாணத்தை அடைகிறது.

இன்று அதே வீதியால் வடக்கிலிருந்து கண்டிக்கு வரும் பெண்கள் பலர். பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார் இருக்கிறார்கள். பல் வைத்தியசாலைக்கும், கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக்குகளுக்கும், திகனை மறுவாழ்வு வைத்தியசாலைக்கும் வருவோர் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க வருவோரும் உண்டு. 1977, 1983 வன்செயல்களின்போது மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கே போரையும் கண்டு, இப்போது உறவுகளைத் தேடித் திரும்பி வருகிறவர்களும் உண்டு. கண்டியிலேயே கடைகளிலும் வீடுகளிலும் தையல் நிலையங்களிலும் வேலை செய்து குடும்பம் பார்ப்பவர்களும் நம் வாசகியர்தாம்.

இவர்கள் எல்லோரும் நாளுக்கு இரண்டு தடவையாவது வீதியைக் கடக்கிறார்கள். வன்னியின் சமதரையில் தூரத்தில் வரும் வாகனம் வெகுநேரத்துக்கு முன்பே கண்ணில் படும். கண்டி மலைப்பாங்கான ஊர். வளைவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அகலமான வீதிகளில் நடுவே ஒரு திட்டுக் கட்டியிருப்பார்கள். சில இடங்களில் அது உயர்ந்த சீமெந்துக் கட்டு. சில இடங்களில் பூச்செடி வைத்த பாத்தி. சில இடங்களில் இரும்பு வேலி. இந்த நடுத்திட்டைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறோம். அது நமக்கு எப்போது பாதுகாப்பு, எப்போது ஆபத்து, அங்கே சட்டம் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது, நாம் சட்டத்திடமும் சபைகளிடமும் எதைக் கேட்கலாம் என்பதே விடயம்.

இதைச் சின்ன விடயம் என்று தள்ள வேண்டாம். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் நடந்து சென்றவர்கள். உலகம் முழுவதும் 2021ஆம் ஆண்டில் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கணவரைப் போரில் இழந்து தனியே குடும்பம் சுமக்கும் பெண் ஒருத்தி காலை முறித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்தால், அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும்.

திட்டு எதற்காகக் கட்டப்படுகிறது?

நடுத்திட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, எதிரெதிரே வரும் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைப்பது. இரண்டாவது, நடப்பவர் வீதியைப் பாதி பாதியாகக் கடப்பதற்கு இடையில் நிற்க இடம் கொடுப்பது.

இந்த இரண்டாவது வேலையை எல்லாத் திட்டும் செய்வதில்லை. கடவைக்கு நேரே திட்டை வெட்டி, தரை மட்டத்தில் நிற்க இடம் விட்டிருந்தால் மட்டுமே அது நமக்கான இடம். அந்த இடம் ஆறு அடி அளவு அகலமாக இருந்தால்தான் பிள்ளை வண்டியோ சக்கர நாற்காலியோ இருபுறமும் வீதிக்குள் நீட்டாமல் நிற்க முடியும். ஒரு அடி அகலக் கட்டின் மேல் ஏறி நிற்பது தங்குவதல்ல, தொங்குவது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

முறையாகக் கட்டிய திட்டு உயிர் காக்கும். கடவையோடு சேர்த்து உயர்ந்த நடுத்திட்டு அமைத்த இடங்களில், நடப்போர் மோதுண்ட விபத்துகள் நூற்றுக்கு 46 வரை குறைந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலை நிருவாகம் தன் வழிகாட்டல்களில் சொல்கிறது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு நிரையாக வாகனம் ஓடும் வீதி சுமார் 14 மீற்றர் அகலம். சுகதேகியான ஒருவர் அதைக் கடக்க 12 செக்கன் எடுக்கும். முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கோ செயற்கைக் கால் போட்டவருக்கோ 17, 18 செக்கன் எடுக்கும். மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். அப்படியானால் அந்த அம்மா அடி எடுத்து வைக்கும்போது 240 மீற்றருக்கு அப்பால் இருக்கும் கார், அவர் மறுகரை சேர்வதற்குள் வந்து சேர்ந்துவிடும். கண்டியின் வளைவுகளில் 240 மீற்றர் தூரத்தை யார் பார்க்க முடியும்? நடுவில் நிற்க இடம் இருந்தால் அவர் ஒரு தடவைக்கு 9 செக்கன் மாத்திரமே வீதியில் இருக்கிறார். பார்க்க வேண்டிய தூரமும் பாதியாகிறது. பார்க்க வேண்டிய திசையும் ஒன்றாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையானது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தையும் வீதி ஒழுங்குகளையும் ஒட்டி, நடப்பவர் அறிந்திருக்க வேண்டியவை இவை:

1. நடைபாதை இருந்தால் அதில்தான் நடக்க வேண்டும். இல்லாத இடத்தில் வீதியின் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

2. அருகில் பாதசாரிக் கடவை இருந்தால் அதனாலேயே கடக்க வேண்டும். கடவையை விட்டு வேறிடத்தில் கடப்பது குற்றம். பொலிஸார் நடவடிக்கை எடுக்கலாம். நடுத்திட்டில் ஏறிக் குதிப்பதும், வேலிக்கு இடையால் நுழைவதும் இதற்குள் அடங்கும்.

3. கடவையில் காலடி வைத்தவருக்கு வாகனம் நின்று வழிவிட வேண்டும். இது சாரதி செய்யும் தயவு அல்ல, அவருடைய கடமை. கடவையில் ஒரு வாகனம் நின்றுவிட்டால் பின்னால் வருபவர் அதை முந்தக் கூடாது.

4. நகர்ப்புறங்களில் கார், வான் போன்ற வாகனங்களுக்குப் பொதுவான வேக எல்லை மணிக்கு 50 கிலோ மீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40 கிலோ மீற்றர்.

5. கடவையிலோ வீதியிலோ கூடி நின்று பேசுவதும், தேவையில்லாமல் தாமதிப்பதும் கூடாது.

சட்டம் சாரதிக்கும் நமக்கும் கடமை வைத்திருக்கிறது. ஆனாலும் மோதினால் உடைவது நம் எலும்புதான். 50 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் வாகனத்தின் சாரதி நம்மைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு செக்கன் ஆகும். அதற்குள் 14 மீற்றர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் காய்ந்த வீதியில் ஏறக்குறைய இன்னொரு 14 மீற்றர் ஓடும். இரண்டரை பஸ்களின் நீளம். மழை ஈரத்தில் இது இன்னும் கூடும். ஆகவே உரிமை நம்முடையதாக இருந்தாலும், வாகனம் நின்ற பிறகே இறங்க வேண்டும்.

இரண்டு பாதி, இரண்டு கடத்தல்

நடுத்திட்டுள்ள வீதியைக் கடக்கும்போது அதை ஒரு வீதி என்று எண்ணாதீர்கள். இரண்டு வீதிகள் என்று எண்ணுங்கள்.

முதல் பாதியில் வாகனம் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். வலது பக்கம் பாருங்கள். கையை உயர்த்திக் காட்டுங்கள். வாகனம் நின்றதும் நடந்து திட்டின் வெட்டுக்குள் போய் நில்லுங்கள். கட்டாயம் நில்லுங்கள். முதல் பாதியில் கார் நின்றது என்பதற்காக மறுபாதியில் பஸ் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மறுபாதியில் வாகனம் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். இடது பக்கம் பார்த்து, மறுபடி கைகாட்டி, நின்ற பிறகு இறங்குங்கள்.

மூன்று இடங்களில் விசேட கவனம் தேவை.

ஒன்று, வாகன நெரிசலில் நிரை நிரையாக நிற்கும் வாகனங்களுக்கு நடுவே புகுந்து கடப்பது. எல்லாம் நிற்கிறது என்று நாம் நினைப்போம். திட்டு ஓரத்து இடைவெளியால் மோட்டார் சைக்கிள் ஓடி வரும். பஸ்ஸின் முகப்பைத் தாண்டி அடி வைக்கும் முன் தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள். பஸ்ஸால் இறங்கியவுடன் அதன் முன்னால் கடக்காமல், பஸ் போகும் வரை பொறுத்திருப்பதே நல்லது.

இரண்டு, வாகனம் திரும்புவதற்காகத் திட்டில் விடப்பட்டுள்ள இடைவெளி. அங்கே கட்டு இல்லை, ஏறி இறங்கத் தேவையில்லை என்பதால் கடப்பதற்கு இலகுவாகத் தெரியும். ஆனால் அது நமக்கு விட்ட வழி அல்ல. அங்கே திரும்பும் சாரதியின் கண் எதிரே வரும் வாகனத்தில் இருக்கும். அவர் உங்களைப் பார்க்கமாட்டார்.

மூன்று, செடி வளர்ந்த திட்டு. செடிக்குப் பின்னால் நிற்கும் சிறுபிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையைக் கையின் விரலில் பிடிக்காமல் மணிக்கட்டில் பிடியுங்கள். வாகனம் வரும் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். திட்டைத் தாண்டும்போது பக்கம் மாறுகிறது என்பதால், பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றுங்கள்.

உடம்பில் போரைச் சுமப்பவர்களுக்கு

வீதி ஒழுங்குகள் எல்லோருக்கும் இரண்டு காலும் இரண்டு கண்ணும் இரண்டு காதும் சரியாக இருப்பதாக எண்ணியே எழுதப்பட்டவை. நம்மில் எல்லோரும் அப்படியல்ல. ஆகவே இவற்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

செயற்கைக் கால் அணிந்தவர்கள், ஊன்றுகோல் பாவிப்பவர்கள் திட்டிலோ நடைபாதையிலோ ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது செயற்கைக் காலை முதலில் வையுங்கள். ஏறும்போது நல்ல கால் உடம்பைத் தூக்கும். இறங்கும்போது அதே நல்ல கால் மேலே நின்று உடம்பைத் தாங்கும். வடிகான் மூடியின் துவாரத்தில் ஊன்றுகோலின் நுனி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷெல் சத்தத்தில் ஒரு காது மந்தமானவர்கள் சத்தத்தை நம்பிக் கடக்க வேண்டாம். ஒரு காது மட்டும் கேட்கும்போது சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. இப்போது பாவனையிலுள்ள ஹைபிரிட் கார்களும் மின்சாரக் கார்களும் மெதுவாக வரும்போது சத்தமே இல்லை. தலையை முழுமையாகத் திருப்பிக் கண்ணால் பாருங்கள்.

ஒரு கண் பார்வை இழந்தவர்களுக்கு வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் மதிப்பிடுவது கஷ்டம். உடம்பையே அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். வாகனம் முற்றாக நின்றால் மட்டும் இறங்குங்கள்.

இன்னொன்று உண்டு, வெளியில் தெரியாதது. திடீரென்று டயர் வெடிக்கும். லொறியின் ஹோர்ன் அலறும். திருவிழாவில் வெடி கொளுத்துவார்கள். அந்தக் கணத்தில் சிலருக்கு உடம்பு பழைய இடத்துக்குப் போய்விடும். ஓட வேண்டும் அல்லது குந்த வேண்டும் என்று கால் தானாகவே நினைக்கும். அது கோழைத்தனம் அல்ல. உயிர் காத்த பழக்கம் அது. ஆனால் நடுவீதியில் அதுவே உயிருக்கு உலை வைக்கும். அப்படி நேருமென்று தெரிந்தவர்கள் தனியே கடக்காமல் ஆட்களோடு சேர்ந்து கடவுங்கள். திட்டில் நிற்கும்போது அங்குள்ள கம்பத்தையோ வேலியையோ கையால் பற்றிக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் பிடியை விடாமல் பத்து வரை மெதுவாக எண்ணுங்கள். இது அடிக்கடி வந்து தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கண்டியில் கவனிக்க வேண்டியவை

நகர மையத்தில் பல வீதிகள் ஒருவழிப் பாதைகள். ஒருவழி வீதியில் வாகனம் உங்கள் இடப்பக்கத்திலிருந்தே வரக்கூடும். வலது பக்கம் மட்டும் பார்த்துப் பழகியவர் அங்கே ஏமாந்துபோவார். புதிய வீதியில் முதலில் நின்று, வாகனம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு இரு பக்கமும் பார்த்துக் கடவுங்கள்.

போர் கண்டியின் வீதிகளையும் மாற்றியது. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் பலர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்த வாகனங்கள் வாவியைச் சுற்றி சங்கராஜ மாவத்தையால் போகத் தொடங்கின. நெரிசல் கூடியது. போரின் பாரத்தை வடக்கிலும் தெற்கிலும் சாதாரண சனங்கள்தாம் சுமந்தார்கள் என்பதற்கு இந்த வீதியும் ஒரு சாட்சி.

மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய பகுதியில் நிலக்கீழ் நடைபாதை உண்டு. நடக்க இயன்றவர்களுக்கு அதுவே நல்ல வழி. படி இறங்கி ஏற முடியாதவர்கள் பொலிஸார் கடமையில் நிற்கும் கடவையை அல்லது சைகை விளக்குள்ள கடவையைத் தேடிப் போங்கள். பொலிஸாரிடம் உதவி கேட்க வெட்கப்படத் தேவையில்லை. சிங்களம் தெரியாவிட்டால் கையால் வீதியைக் காட்டினாலே விளங்கிக்கொள்வார்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரும் எசல பெரஹர நாட்களில் வீதிகள் மூடப்படும். பஸ் நிற்கும் இடங்களும் மாறும். கிளினிக் நாள் அந்த வாரத்தில் விழுந்தால் முன்னரே விசாரித்துப் புறப்படுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழை வழமை. குடையைக் காற்றுக்குச் சரித்துப் பிடிக்கும்போது வாகனம் வரும் பக்கம் மறைந்துவிடும். கடக்கும் சில செக்கன்களுக்குக் குடையை உயர்த்திப் பிடியுங்கள், நனைந்தாலும் பரவாயில்லை. மாலை மங்கிய பின் வெளிறிய நிற உடுப்பு தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளைத் துவாய் ஒன்றைத் தோளில் போட்டாலும் போதும்.

நடைபாதையில் கடை போட்டிருப்பதால் வீதியில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு முறைப்பாடு உண்டு. அது உண்மை. நடைபாதையில் வியாபாரம் செய்துதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லும் பெண்களும் உண்டு. அதுவும் உண்மை. கடவையின் இரு முனைகளையாவது வெறுமையாக விட்டால் நடப்பவருக்கும் வழி கிடைக்கும், சாரதிக்கும் ஆள் தெரியும். கடை போடும் சகோதரிகள் இதைத் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கலாம்.

ஏறியவளைக் கேட்கும் முன்

இனி நாம் கேட்க வேண்டியவை. ஒரு பெண் நடுத்திட்டில் ஏறிக் கடந்தால் பொலிஸார் தண்டிக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அவள் ஏன் ஏறினாள்? பஸ் தரிப்பிடம் ஒரு பக்கம், வைத்தியசாலை வாசல் மறுபக்கம், கடவையோ வெகு தூரத்தில் என்றால், நோயாளிப் பிள்ளையைச் சுமந்தவள் என்ன செய்வாள்? சனங்கள் நாள்தோறும் ஒரே இடத்தில் திட்டில் ஏறுகிறார்கள் என்றால், அந்த இடத்தில் கடவை தேவைப்படுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. தண்டம் ஒரு நாளைக்குத் தடுக்கும். முறையான வெட்டும் சரிவும் கடவையும் எந்நாளும் காக்கும்.

அதைக் கேட்பதற்கு, வீதி யாருடையது என்று முதலில் அறிய வேண்டும். ஏ, பீ தர வீதிகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கொழும்பு – கண்டி ஏ1, கண்டி – யாழ்ப்பாணம் ஏ9, கண்டி – மகியங்கனைப் பக்கம் போகும் ஏ26 ஆகியன அவ்வாறானவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. நகரத்து உள்வீதிகள் 1865இல் தொடங்கிய கண்டி மாநகர சபைக்கும், சுற்றுவட்டாரக் கிராம வீதிகள் அந்தந்தப் பிரதேச சபைக்கும் உரியவை. எது யாருடையது என்று தெரியாவிட்டால் மாநகர சபைக்கே எழுதி, பிரதியை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.

தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மாநகர ஆணையாளர், மாநகர சபை, கண்டி.
இந்த வீதியில், இந்தக் கட்டடத்துக்கு முன்பாக உள்ள நடுத்திட்டில் நடப்பவர் கடப்பதற்கு வழி இல்லை. அருகிலுள்ள கடவை இவ்வளவு தூரத்தில் உள்ளது. நோயாளிகளும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் திட்டில் ஏறிக் கடக்க வேண்டியுள்ளது. இங்கே கடவையும், திட்டில் தரைமட்ட வெட்டும், நடைபாதை ஓரத்தில் சரிவும் அமைத்துத் தருமாறு கேட்கிறோம்.
இப்படிக்கு, கீழே கையொப்பமிட்ட பெண்கள்."

திகதி இடுங்கள். ஒரு பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதத்துக்கு என்ன நடந்தது என்று அங்குள்ள தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் அவர்கள் பிரவேசிக்க வசதி செய்ய வேண்டுமென்று 2006 ஒக்டோபரில் ஒழுங்குவிதிகளும் வெளியாகின. சரிவான பாதை கேட்பது சலுகை கேட்பதல்ல என்பதற்கு இவை ஆதாரம்.

உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 ஆசனம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016இல் வந்து, 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறையானது. 2025 மே மாதத் தேர்தலிலும் பெண்கள் தெரிவாகியிருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினரை அந்த இடத்துக்கே அழைத்துச் சென்று, உங்களோடு ஒரு தடவை வீதியைக் கடக்கச் சொல்லுங்கள். பத்துக் கடிதம் செய்யாததை அது செய்யும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 119 பொலிஸ் அவசர இலக்கம். வாகன இலக்கத்தை அருகிலுள்ள யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வையுங்கள்.

"பெரிய காயமில்லை, செலவுக்கு வைத்துக்கொள்" என்று காசு தந்து போக முனைவோர் உண்டு. தலையில் அடிபட்டவருக்கும் வயிற்றில் அடிபட்டவருக்கும் பாதிப்பு மறுநாள்தான் தெரிய வரலாம். பொலிஸில் முறைப்பாடு பதியாமல் விடாதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டாம். வைத்தியசாலை அட்டை, மருந்துச் சிட்டைகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். நீங்கள் கடவையில் கடக்கவில்லை என்பதனால் உரிமை முற்றாகப் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் பக்கத் தவறுக்கு ஏற்பத் தொகை குறையலாம். சாரதியின் தவறு அதனால் மறைந்துவிடாது. வாகனம் நில்லாமல் ஓடி, கண்டுபிடிக்கப்படாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கோரும் ஏற்பாடு உண்டு. அதற்கும் பொலிஸ் பதிவே அடிப்படை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கண்டியிலும் அதன் அலுவலகம் உண்டு.

சகோதரிகளே, நெடுங்காலம் வீதித் தடை என்றால் நமக்கு அடையாள அட்டையும் சோதனையும் காத்திருப்பும்தான். வீதிக்கு நடுவே இருக்கும் இந்தத் தடை அப்படியானதல்ல. சரியாகக் கட்டினால் அது வாகனத்தைத் தடுத்து நம்மைக் காக்கும். பிழையாகக் கட்டினால் நம்மைத் தடுத்து வாகனத்துக்கு வழிவிடும். எப்படிக் கட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நம் குரலும் கேட்க வேண்டும்.

இம்மாதம் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பேசுங்கள். நம் ஊரில் சனங்கள் திட்டில் ஏறிக் கடக்கும் இடம் எது? அங்கே ஏன் ஏறுகிறார்கள்? அந்த வீதி எந்தச் சபைக்கு உரியது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் கடிதத்தின் பாதி எழுதி முடிந்தது. மீதிப் பாதி உங்கள் கையொப்பங்கள்.